செய்மதி வழியாகப் பேசும்போது எந்தக் குமிழைத் திருப்புவது? டொப்ளரும் ட்யூனிங்கும்

அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் புதிதாகக் கையில் கிடைத்தவர்கள் செய்மதியில் பேசிப் பார்க்க ஆசைப்பட்டால் முதலில் செய்வது, அதிர்வெண் பட்டியல் ஒன்றை எடுத்து அதிலுள்ள எண்களை அப்படியே செட்டில் போடுவதுதான். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 437.800 என்று இருக்கிறது, போட்டாச்சு, நிலையம் வந்துகொண்டிருக்கிறது என்று போனில் உள்ள செயலியும் சொல்கிறது, ஆனால் முதல் சில நிமிடங்கள் இரைச்சல் தவிர ஒன்றுமில்லை. நடுவில் திடீரென்று யாரோ துல்லியமாகப் பேசுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் அந்தக் குரலும் கரகரத்து மறைந்துவிடுகிறது. எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் பேசும் செய்மதி என்றால் குழப்பம் இன்னும் அதிகம்: குரல் கேட்கிறது, ஆனால் வாத்துக் கத்துகிறதா மனிதர் பேசுகிறாரா என்றே தெரியாது, குமிழைத் திருப்பிப் பிடிப்பதற்குள் அது வேறெங்கோ போய்விடும்.

செட்டும் அன்டெனாவும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு ட்யூனிங்கில். அதை அடிப்படையிலிருந்து பார்த்தால் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

பட்டியலில் இருக்கும் எண் யாருடையது?

அந்த எண் செய்மதியினுடையது. செய்மதி 437.800 மெகாஹேர்ட்ஸில் அனுப்புகிறது என்றால், செய்மதிக்குப் பக்கத்தில் அதே வேகத்தில் பறக்கும் ஒருவருக்குத்தான் அது 437.800. கொழும்பில் நிற்கும் நமக்கு, செய்மதி நெருங்கும்போது அது கூடுதலான அதிர்வெண்ணில் வந்து சேரும், விலகும்போது குறைந்து வரும். இதுதான் டொப்ளர் விலகல். எவ்வளவு விலகும் என்பதைக் கணக்கிடுவதும் சுலபம்: செய்மதி நம்மை நோக்கி வரும் வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்து அதிர்வெண்ணால் பெருக்கினால் போதும். விண்வெளி நிலையம் செக்கனுக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகிறது. அது அடிவானத்தில் தோன்றும்போது அதில் நம் பக்கமாக வரும் பங்கு 7 கிலோமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். ஆகவே 437.800இல் விலகல் சுமார் 10 கிலோஹேர்ட்ஸ், நாம் நிலையத்துக்கு அனுப்பும் 145.990இல் சுமார் 3.5 கிலோஹேர்ட்ஸ்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 437 இருக்கும் 70 சென்ரிமீற்றர் பட்டையின் விலகல், 145 இருக்கும் 2 மீற்றர் பட்டையின் விலகலைப்போல மூன்று மடங்கு, ஏனென்றால் அதிர்வெண்ணே மூன்று மடங்கு. கீழே வரப்போகிற எல்லா விதிகளும் இந்த மூன்று மடங்கிலிருந்துதான் பிறக்கின்றன.

இன்னொன்று, விலகல் ஒரே சீராக மாறுவதில்லை. செய்மதி அடிவானத்தில் இருக்கும்போது விலகல் அதிகம், ஆனால் மெதுவாகத்தான் மாறும். தலைக்கு நேரே வரும்போது விலகல் பூச்சியம், ஆனால் மாறும் வேகம் உச்சத்தில் இருக்கும். விண்வெளி நிலையம் உச்சிக்கு மேலே கடந்தால் 437இல் செக்கனுக்கு 190 ஹேர்ட்ஸ் அளவுக்கு ஓடும். உயரமான செய்மதிகளில் இது நிதானம். ஆர்எஸ்-44 என்ற அமெச்சூர் செய்மதி கிட்டத்தட்ட 1200 முதல் 1500 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுவதால், அது நேர்மேலே வந்தாலும் செக்கனுக்கு 50 ஹேர்ட்ஸ் அளவுதான்.

திசை விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கேட்கும் அதிர்வெண் வலத்தின் (செய்மதி ஒரு தடவை நம் வானத்தைக் கடப்பதன்) தொடக்கத்தில் கூடுதலாக இருந்து போகப் போகக் குறையும். அனுப்பும் அதிர்வெண்ணுக்கு நேர்மாறு: செய்மதி நம்மை நோக்கி வரும்போது நாம் அனுப்புவது அதற்குக் கூடுதலாகக் கேட்கும், அதனால் நாம் குறைத்து அனுப்பித் தொடங்கி, போகப் போகக் கூட்ட வேண்டும். கேட்பது மேலிருந்து கீழே, அனுப்புவது கீழிருந்து மேலே. இது எந்தச் செய்மதிக்கும் மாறாது.

எப்.எம். செய்மதிகள்: ஐந்து சனல் போதும்

எப்.எம். செய்மதி என்பது, கேட்டதை அப்படியே திருப்பி அனுப்பும், வானத்தில் பறக்கும் ரிப்பீட்டர்தான், ஒரு நேரத்தில் ஒருவர் பேசலாம். எப்.எம்.மின் நல்ல குணம், இரண்டு மூன்று கிலோஹேர்ட்ஸ் விலகினாலும் ரிசீவர் தாங்கிக்கொள்ளும். அதனால் 2 மீற்றர் பக்கத்தைத் தொடவே வேண்டாம். 70 சென்ரிமீற்றர் பக்கத்தை 5 கிலோஹேர்ட்ஸ் படிகளாக நகர்த்தினால் போதும். மலிவான கையடக்க செட்டிலும் இதை மெமரியில் எழுதி வைக்கலாம். விண்வெளி நிலையத்தில் 2020 செப்டெம்பரில் இயங்கத் தொடங்கிய ரிப்பீட்டருக்கு இப்படி:

1. முதல் சனல்: கேட்பது 437.810, அனுப்புவது 145.990, 67 ஹேர்ட்ஸ் டோனுடன் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த ஒலி).
2. கேட்பது 437.805.
3. கேட்பது 437.800.
4. கேட்பது 437.795.
5. கேட்பது 437.790.

ஐந்திலும் அனுப்பும் பக்கம் ஒன்றேதான். 2002 டிசெம்பரில் ஏவப்பட்ட எஸ்ஓ-50க்கும் இதே முறை: அனுப்புவது 145.850, கேட்பது 436.795ஐ நடுவில் வைத்து மேலே இரண்டு கீழே இரண்டு. அதற்கு 67 ஹேர்ட்ஸ் டோனோடு இன்னொரு விஷயமும் உண்டு. செய்மதிக்குள் பத்து நிமிட டைமர் ஒன்று இருக்கிறது. அது அணைந்திருந்தால் 74.4 ஹேர்ட்ஸ் டோனுடன் இரண்டு செக்கன் அனுப்பி எழுப்ப வேண்டும். இதற்கும் ஒரு மெமரி ஒதுக்கிவிடுங்கள்.

இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுதாகத் திறந்துவிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் பலவீனமான தொடக்கம் முழுக்கப் போய்விடும். எப்போது அடுத்த சனலுக்குத் தாவுவது என்று கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. குரலின் உரத்த இடங்களில் மட்டும் கிழிசல் கேட்க ஆரம்பித்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. நேர்மேலே வரும் வலத்தில் நடுப்பகுதியில் ஒரு படி அரை நிமிடம்கூடத் தாங்காது, விரல் பொத்தானிலேயே இருக்கட்டும். அடிவானத்தை ஒட்டிப் போகும் வலத்தில் அவசரமே இல்லை.

கொழும்புக்காரர்களுக்கு ஐஓ-86

அனுப்புவதும் கேட்பதும் பட்டை மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு மிகவும் வசதியான செய்மதி இந்தோனேசியாவின் ஐஓ-86. 2015 செப்டெம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டில் போனது. வட, தென் துருவங்களின் பக்கம் போகும் மற்றச் செய்மதிகளைப்போல இல்லாமல், மத்தியகோட்டிலிருந்து 6 பாகைக்கு மேல் விலகாமல் சுற்றுகிறது. கொழும்பு இருப்பது ஏறத்தாழ 6.9 பாகை வடக்கில். ஆகவே அது சுற்றும் ஒவ்வொரு முறையும் நம் வானத்தில் தெரிந்தே ஆகும், ஏறக்குறைய ஒரு மணி 45 நிமிடத்துக்கு ஒரு தடவை, மிகத் தாழ்வான வலத்தில்கூட 15 பாகைக்கு மேலே. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்தச் செய்மதி கிடைக்கவே கிடைக்காது. மேற்கில் கடலுக்கு மேலே எழும்பிக் கிழக்கே போகும், அதனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கல்கிசைப் பக்கம் கடலைப் பார்த்த மொட்டைமாடி இருப்பவர்களுக்கு வலத்தின் முதல் பாதி தடையே இல்லாமல் கிடைக்கும். ரிப்பீட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்காது, இயக்குபவர்கள் அட்டவணை போட்டுத்தான் ஆன் செய்வார்கள். வலத்துக்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் அனுப்புவது 435.880, டோன் 88.5 ஹேர்ட்ஸ், கேட்பது 145.880. அதாவது பெரிய விலகல் இப்போது அனுப்பும் பக்கத்தில் இருக்கிறது. பழக்கதோஷத்தில் கேட்கும் பக்கத்தை நகர்த்திக்கொண்டு, அனுப்பும் பக்கத்தை 435.880இலேயே விட்டுவிட்டால், மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கும், நீங்கள் பேசுவது மட்டும் செய்மதிக்கு 9 கிலோஹேர்ட்ஸ் தள்ளிப் போய்ச் சேரும். எல்லாரையும் கேட்கிறேன், யாருமே பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்ற முறைப்பாடு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. செய்ய வேண்டியது, 435.870இல் அனுப்பத் தொடங்கி 435.875, 435.880, 435.885 என்று ஏறி 435.890இல் முடிப்பது. கேட்கும் பக்கம் 145.880இலேயே இருக்கட்டும்.

செய்மதி கொழும்புக்கும் ஜகார்த்தாவுக்கும் நடுவே, வங்காள விரிகுடாவின் தெற்கே இருக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். நம்மிடமிருந்து அது விலகிக்கொண்டிருக்கிறது, ஜகார்த்தாக்காரருக்கு நெருங்கிக்கொண்டிருக்கிறது. நாம் கூட்டி அனுப்ப வேண்டிய அதே நொடியில் அவர் குறைத்து அனுப்ப வேண்டும். அதனால் இன்னொருவர் எந்த அதிர்வெண்ணில் அனுப்புகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் ஒரு பயனும் இல்லை. அவரவர் விலகலை அவரவர்தான் சரிசெய்ய வேண்டும்.

நேரியல் டிரான்ஸ்பொண்டர்: ஒரு பட்டையே திரும்பி வருகிறது

ட்யூனிங்கின் உண்மையான வேலையும், என்னைக் கேட்டால் உண்மையான சுகமும், இங்கேதான். நேரியல் டிரான்ஸ்பொண்டர் உள்ள செய்மதி ஒரு சனலை எடுத்துத் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு பட்டைத் துண்டை அப்படியே எடுத்து வேறொரு பட்டைக்கு மாற்றித் திருப்பி அனுப்புகிறது. ஆர்எஸ்-44ஐ எடுத்துக்கொண்டால் 145.935 முதல் 145.995 வரை உள்ள 60 கிலோஹேர்ட்ஸ் மேலே போகிறது, 435.610 முதல் 435.670 வரை கீழே வருகிறது. அந்த 60 கிலோஹேர்ட்ஸுக்குள் பல சோடிகள் ஒரே நேரத்தில் பேசலாம்.

ஆனால் தலைகீழாக. மேலே போகும் துண்டின் அடிப்பகுதி, கீழே வரும் துண்டின் உச்சியாக வரும். அதனால்தான் எஸ்.எஸ்.பி.யின் கீழ்ப் பக்கமான எல்.எஸ்.பி.யில் அனுப்பி, மேல் பக்கமான யூ.எஸ்.பி.யில் கேட்கிறோம். இந்தத் தலைகீழ் அமைப்பு வேண்டுமென்றே செய்யப்பட்டது: மேலே போகும் விலகலும் கீழே வரும் விலகலும் ஒன்றையொன்று ஓரளவு கழித்துவிடும். ஆர்எஸ்-44 அடிவானத்தில் இருக்கும்போது 435இன் விலகல் 8.6, 145இன் விலகல் 2.9. 8.6லிருந்து 2.9ஐக் கழித்தால் 5.7 கிலோஹேர்ட்ஸ், நேராக இருந்திருந்தால் இரண்டும் கூடி 11.5 ஆகியிருக்கும்.

தலைகீழாக இருப்பதால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. அனுப்புவதும் கேட்பதும் கூட்டினால் எப்போதும் ஒரே தொகை. ஆர்எஸ்-44க்கு அது 581.605. பட்டையில் 435.650 பக்கம் வெறுமையாக இருக்கிறதா, 581.605இலிருந்து அதைக் கழியுங்கள், 145.955. டொப்ளர் காரணமாகச் சில கிலோஹேர்ட்ஸ் தள்ளித்தான் இருக்கும், ஆனால் உங்கள் குரலை எந்த அக்கம்பக்கத்தில் தேடுவது என்று தெரிந்துவிடும். ஏஓ-7 என்ற பழைய செய்மதிக்கு இந்தத் தொகை 578.100. ஒரு துண்டுத்தாளில் எழுதிச் செட்டில் ஒட்டி வையுங்கள்.

நகர்த்த வேண்டியது எதை?

கையால் ட்யூன் செய்பவர்களுக்கு உலகம் முழுக்க இருக்கும் வழக்கம் ஒன்றுதான்: இரண்டில் அதிர்வெண் கூடியது எதுவோ அதை நகர்த்து, குறைந்ததை அசையாமல் வை. ஆர்எஸ்-44இல் கேட்பது 435, எனவே கேட்கும் குமிழைத் திருப்புகிறோம். ஏஓ-7இன் பி முறையில் அனுப்புவது 432, கேட்பது 145, எனவே அனுப்பும் குமிழைத் திருப்புகிறோம்.

ஏன் இப்படி என்று புரிந்துகொள்வது முக்கியம், புரியாமல் செய்தால் நடுவில் கை மாறிவிடும். செய்மதிக்குள் உங்கள் குரல் உட்கார்ந்திருக்கும் இடம் வலம் முழுக்க அசையாமல் இருப்பதுதான் இலட்சியம். அசைந்தால் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும் சோடியின் மேல் போய் ஏறும். கூடிய அதிர்வெண்ணை நீங்கள் சரிசெய்துகொண்டே வந்தால், செய்மதிக்குள் மிச்சமிருக்கும் அசைவு 2 மீற்றரின் சிறிய விலகல் மட்டும்தான், இரண்டு பக்கமும் மூன்று கிலோஹேர்ட்ஸுக்குள். இதைத் தலைகீழாகச் செய்தால், உதாரணமாக ஏஓ-7இல் அனுப்புவதை நிறுத்தி வைத்துக் கேட்பதை மட்டும் திருப்பினால், உங்கள் குரல் அந்த ஐம்பது கிலோஹேர்ட்ஸ் பட்டைக்குள் 17 கிலோஹேர்ட்ஸ் நடந்து போகும். வழியில் இருக்கும் எல்லாரையும் மிதித்துக்கொண்டு.

ஒரு ஆர்எஸ்-44 வலத்தை எண்களாகப் பார்ப்போம். அனுப்புவதை 145.965இல் நிறுத்திவிட்டீர்கள். அடிவானத்தில் செய்மதி தோன்றும்போது உங்கள் சொந்தக் குரல் 435.6457 பக்கம் கேட்கும். மிகக் கிட்டே வரும் கணத்தில் சரியாக 435.6400. மறுபக்க அடிவானத்தில் மறையும்போது 435.6343. கேட்கும் குமிழ் ஒரே திசையில், கீழ்நோக்கி, மொத்தம் 11.4 கிலோஹேர்ட்ஸ் போகிறது, அவ்வளவுதான். ஏஓ-7இல் கேட்பதை 145.950இல் நிறுத்தினால், அனுப்பும் குமிழ் 432.1444இல் தொடங்கி 432.1556 வரை மேல்நோக்கி ஏறும். முன்னே சொன்ன திசை விதி இங்கேயும் அப்படியே.

ஏஓ-7 பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1974 நவம்பர் 15 அன்று ஏவப்பட்டது, 1981இல் பட்டரி செத்து மௌனமானது, 2002இல் தானாக மீண்டும் பேச ஆரம்பித்தது. இப்போது சூரியத் தகட்டின் மின்சாரத்தில் மட்டும் ஓடுகிறது, பூமியின் நிழலுக்குள் போனால் அணைந்துவிடும். அரை நூற்றாண்டு தாண்டிய இந்தச் செய்மதியில் அதிக சக்தியோடு யாராவது அனுப்பினால் மின்னழுத்தம் தள்ளாடி எல்லாருடைய குரலும் நடுங்கும். குரல் நடுங்குவதைக் கேட்டால் அது டொப்ளர் இல்லை. குமிழைத் தொடாதீர்கள், சக்தியைக் குறையுங்கள்.

சொந்தக் குரலைப் பிடிப்பது

ட்யூனிங் என்பது கடைசியில் காதால் செய்யும் வேலை. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் எண்ணைப் பார்ப்பதில்லை, பொருந்துகிறதா என்று கேட்கிறார். இங்கேயும் திரும்பி வரும் உங்கள் குரல் உங்கள் குரலாகவே கேட்கிறதா என்பதுதான் அளவுகோல். 100 ஹேர்ட்ஸ் விலகினாலே சாயல் மாறிவிடும், அதைக் காது உடனே பிடித்துக்கொள்ளும்.

1. முதலில் செய்மதி தானே அனுப்பும் அடையாளச் சமிக்ஞையான பீக்கனைக் கேளுங்கள். ஆர்எஸ்-44க்கு அது 435.605. அது கேட்காமல் எதையும் அனுப்ப வேண்டாம்.
2. பட்டையில் ஆளில்லாத இடத்தைப் பாருங்கள். நட்ட நடுவில் கூட்டம் அதிகம், கொஞ்சம் தள்ளி எடுங்கள்.
3. தொகைக் கணக்கால் அனுப்பும் அதிர்வெண்ணைப் போடுங்கள், சக்தியைக் குறைத்து வையுங்கள்.
4. ஹெட்போனை மாட்டிக்கொண்டு சில மோர்ஸ் புள்ளிகளோ நீட்டி ஒரு ஹலோவோ அனுப்பிக்கொண்டே குறிப்பிட்ட குமிழை மட்டும் மெதுவாகத் திருப்பித் தேடுங்கள். ஆர்எஸ்-44இல் அது கேட்கும் குமிழ். அனுப்பியபடி அனுப்பும் குமிழைப் பட்டை முழுக்க ஓட்டாதீர்கள், அது மற்றவர்களின் பேச்சுக்கு நடுவே விசில் அடித்துக்கொண்டு போகும்.
5. யூ.எஸ்.பி.யில் கேட்கும்போது குரல் கீச்சென்று மெலிந்திருந்தால் கேட்கும் குமிழை மேலே, அடித்தொண்டையாகக் கனத்திருந்தால் கீழே. ஆர்எஸ்-44 வலத்தில் குரல் தானாகவே கனத்துக்கொண்டு போகும், நீங்கள் கீழே கீழே கொண்டுவர வேண்டியதுதான். ஏஓ-7இல் அது மெலிந்துகொண்டு போகும், அனுப்பும் குமிழை மேலே ஏற்றினால் சரியாகும்.

ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் கேட்டால் திரும்பி வரும் குரல் மைக்கில் புகுந்து ஊளையிடும்.

பேசத் தொடங்கிய பிறகு வரும் பெரிய சிக்கல் துரத்தல். எதிரில் இருப்பவர் குரல் கொஞ்சம் விலகிக் கேட்கிறது, நீங்கள் அனுப்பும் அதிர்வெண்ணை மாற்றுகிறீர்கள், அவருக்கு நீங்கள் விலகிக் கேட்கிறீர்கள், அவரும் மாற்றுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து பட்டை முழுக்க ஓடுவார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான். உங்கள் குரல் சரியாகக் கேட்கும் இடத்தை விட்டு அசையாதீர்கள். அவர் குரல் மட்டும் விலகியிருந்தால் விலகல் அவர் பக்கம் இருக்கிறது, ஆர்.ஐ.டி. குமிழால் கேட்பதை மட்டும் சிறிது நகர்த்திக் கேட்டுவிட்டு, நீங்கள் பேசும் முறை வந்ததும் அதை அணைத்துவிடுங்கள்.

சென்னையில் இருப்பவரோடு பேசினால் இந்தப் பிரச்சினை குறைவு. இரண்டு ஊருக்கும் செய்மதி ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் நெருங்கும், விலகும், அதனால் இருவர் குரலும் சேர்ந்தே நகரும். ஆர்எஸ்-44இன் பார்வை வட்டம் குறுக்காக 7000 கிலோமீற்றருக்கு மேல். அந்த வட்டத்தின் மறு ஓரத்தில் இருப்பவரோடு பேசும்போதுதான் துரத்தல் ஆசை வரும்.

ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் வேண்டும் என்பதால் செட் விஷயத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும் செட்டுகள் விலை கூடியவை. 2 மீற்றரில் எஸ்.எஸ்.பி. அனுப்பும் ஒரு பழைய செட், கேட்பதற்குக் கணினியில் செருகி மென்பொருளால் இயக்கும் சிறு குச்சி அளவிலான எஸ்.டி.ஆர். ரிசீவர் ஒன்று, இந்தக் கூட்டணியே போதும். எஸ்.டி.ஆர். திரையில் ஓடும் நீர்வீழ்ச்சிப் படத்தில் டொப்ளரைக் கண்ணாலேயே பார்க்கலாம்: சாய்ந்து வளைந்த கோடுகளாக ஒவ்வொரு குரலும் தெரியும், உங்கள் கோடு யாருடைய கோட்டை நோக்கிப் போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு தடை வரும். 145.965ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 437.895. உங்கள் டிரான்ஸ்மிட்டரின் மூன்றாவது ஹார்மோனிக் கேட்கும் பட்டைக்குள்ளேயே விழுகிறது. மைக் பொத்தானை அழுத்தியதும் செய்மதி செவிடானதுபோல எல்லாம் அடங்கிவிட்டால் காரணம் இதுவாகவோ, உங்கள் 2 மீற்றர் சக்தியே ரிசீவரை அமுக்குவதாகவோ இருக்கும். டிரான்ஸ்மிட்டருக்குப் பின்னால் 70 சென்ரிமீற்றரை வெட்டும் வடிகட்டியும் ரிசீவருக்கு முன்னால் 2 மீற்றரை வெட்டும் வடிகட்டியும், அல்லது இரண்டு பட்டைகளையும் பிரிக்கும் டிப்ளெக்ஸர் போட்டால் தீரும், இரண்டு அன்டெனாக்களையும் தள்ளி வைத்தாலும் பாதி தீரும்.

கணினியிடம் ஒப்படைத்தால்

ஜிபிரெடிக்ட், சாட்பிசி32 போன்ற மென்பொருள்கள் செட்டோடு இணைந்து இரண்டு குமிழ்களையும் தாமே திருப்பும். அப்போது செய்மதிக்குள் உங்கள் குரல் கொஞ்சமும் அசையாது. எல்லாரும் இப்படிச் செய்தால் துரத்தலுக்கே இடமில்லை, எனவே முடிந்தவர்கள் இதற்கு மாறுவது எல்லாருக்கும் நல்லது.

மென்பொருளின் கணக்கு இரண்டு விஷயங்களை நம்பியிருக்கிறது. ஒன்று, செய்மதியின் பாதையைச் சொல்லும் கெப்ளர் தரவு. கிழமைக்கு ஒரு தடவையாவது புதுப்பியுங்கள். மற்றது கணினியின் கடிகாரம். ஆர்எஸ்-44 நேர்மேலே இருக்கும்போது கடிகாரம் 5 செக்கன் பிழைத்தால் 250 ஹேர்ட்ஸ் பிழைக்கும், குரல் கெடுவதற்கு அது போதும்.

இவை இரண்டும் சரியாக இருந்தாலும் உங்கள் செட்டின் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் படிகத்திலும் செய்மதியின் உள்ளேயும் சில நூறு ஹேர்ட்ஸ் பிசகு இருக்கத்தான் செய்யும். வலத்தின் தொடக்கத்தில் சொந்தக் குரலைக் கேட்டு அனுப்பும் பக்கத்தில் ஒரு திருத்தம் கொடுங்கள், அதற்குப் பிறகு கையை எடுத்துவிடுங்கள். கையால் ட்யூன் செய்யும் ஒருவர் எதிரில் வந்தால் அவர் குரல் மெதுவாக நகரும். அதை ஆர்.ஐ.டி.யால் பின்தொடரலாம், கணினி வைத்திருக்கும் அனுப்பும் அதிர்வெண்ணை மட்டும் தொடக்கூடாது.

அனுப்புவதற்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதில் உங்கள் தரத்துக்கு எந்தப் பட்டைகள் அனுமதி என்பதைப் பார்த்துவிடுங்கள். காலிமுகத்திடல் மாதிரி இடத்தில் கையில் யாகி அன்டெனாவோடு வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றால் பாதுகாப்புத் தரப்பினர் வந்து கேட்பது இயல்பு, அனுமதிப்பத்திரமும் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும். பேசும்போது அழைப்புக்குறியோடு, இருக்கும் இடத்தைக் காட்டும் கட்டக் குறியீட்டையும் சொல்வார்கள். கொழும்பு எம்ஜே96இல் இருக்கிறது, ஆனால் அவிசாவளைக்குப் போனால் 80 பாகை தீர்க்கரேகையைத் தாண்டி என்ஜே06 ஆகிவிடும்.

நகராத செய்மதியில் ஏன் ட்யூனிங்?

2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தாரின் செய்மதியில் இருக்கும் கியூஓ-100 டிரான்ஸ்பொண்டர் 25.9 பாகை கிழக்கில், மத்தியகோட்டுக்கு மேலே நிலையாக நிற்கிறது. கொழும்பிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட நேர் மேற்கே, 28 பாகை உயரத்தில். 2400 மெகாஹேர்ட்ஸில் அனுப்பி 10489.5க்கு மேலே கேட்க வேண்டும். தலைகீழ் கிடையாது, இரண்டு பக்கமும் யூ.எஸ்.பி., அனுப்புவதோடு 8089.5ஐக் கூட்டினால் கேட்கும் அதிர்வெண். டொப்ளர் பொருட்படுத்தும் அளவில் இல்லை.

ஆனால் டிஷ்ஷின் நுனியில் இருந்து சமிக்ஞையை வாங்கும் எல்.என்.பி.யின் அதிர்வெண் நகரும். டிவிக்காகச் செய்த எல்.என்.பி.யின் படிகம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 10 ஜிகாஹேர்ட்ஸில் அது 10 கிலோஹேர்ட்ஸ், அதாவது ஒரு முழு ஆர்எஸ்-44 வலத்தில் நாம் திருப்பும் அளவு. கொழும்பின் மத்தியான வெயிலில் சூடேறும்போது ஒரு பக்கம் போகும், பின்னேரம் மழை அடித்தால் சட்டென்று மறுபக்கம் போகும். டொப்ளரைப்போல முன்கூட்டிக் கணக்கிடவும் முடியாது. அதற்காகத்தான் 10489.750இல் பீக்கன் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எஸ்டிஆர் கொன்சோல் போன்ற மென்பொருளை அந்தப் பீக்கனோடு பூட்டிவிட்டால் எல்.என்.பி. எங்கே போனாலும் திரை கூடவே நகரும். அந்தப் பீக்கனே சத்தத்துக்கும் எல்லை: அதைவிட உரத்து அனுப்பினால் செய்மதியின் தரை நிலையத்தில் உள்ள கருவி உங்கள் குரலின் மேல் எச்சரிக்கை ஒலியை ஏற்றிவிடும், அப்போது செய்ய வேண்டியது உடனே சக்தியைக் குறைப்பது. சொந்தக் குரல் இங்கே கால் செக்கன் தாமதித்துத்தான் திரும்பி வரும், அதைக் கேட்டுக்கொண்டே பேசினால் நாக்குக் குழறும். தொடக்கத்தில் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துவிட்டு, பேசும்போது அந்த ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.